கை இல்ல

பால் பாக்கெட்டுக்குள் மனிதக் குரல் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் ஜெசிந்தா. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தவளும் அவள்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியவில்லை.

மதுரைக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஃபிலிம் கம்பெனி ஒன்றில் அவள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். பெயர்தான் பெரிசு. ஃபிலிமின் தடிமன் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. உட்கார ஒரு கண்ணாடி அறை கொடுத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து பார்த்தால் மொத்த ஆலையும் தெரியும். மொத்த ஆலைக்கும் அவளைத் தெரியும்.

ஃபிலிம் உருவாவதைப் பார்க்க அழகாக இருக்கும். குருணை அரிசி போன்ற வெள்ளை மணிகளை ஒரு பக்கம் கொட்டினால், இயந்திரம் அவற்றை உருக்கி, வட்டமான ஒரு வாய் வழியாக மேலே தள்ளும். நடுவில் காற்றை ஊதுவார்கள். உருகிய பிளாஸ்டிக் உப்பி எழுந்து, மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும். பாடப்புத்தகம் அதைக் குமிழ் என்னும். வேலை செய்கிறவர்களுக்கு அது பலூன். உச்சியில் இரண்டு ரோலர்கள் அதைத் தட்டையாக அமுக்கிக் கீழே அனுப்ப, ஃபிலிம் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். பலூனின் அடிப்பகுதி பளிச்சென்று தெளிவாக இருக்கும். கொஞ்சம் மேலே போனதும் ஒரு சொட்டுப் பால் கலந்தது போல மங்கும். உருகியது உறையும் இடம் அது. அதற்குப் பனிக்கோடு என்று பெயர்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் உச்சியில் சுருக்கம் விழும். உடனே ரோலரைத் திறந்து, மேலே நிற்கும் ஆள் கையால் நீவிவிட்டு, மறுபடி மூட வேண்டும். திறக்கும் விசையும் மூடும் விசையும் கீழே இருக்கும் ஆளிடம். கீழே இருந்து மேலே நடப்பது தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கீழே இருப்பவர் தொண்டை கிழிய "கை?" என்பார். "கை இருக்கு" என்று மேலிருந்து பதில் வந்தால் பொறுக்க வேண்டும். "கை இல்ல" என்றால் மூடலாம். எந்தப் பாதுகாப்புப் பலகையிலும் எழுதியிருக்காத இந்த விதியை மீறி ஒருவரும் விசையைத் தொட்டதில்லை. காற்றாடிகளின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே, அதனால் அங்கே எல்லாருக்கும் பெரிய தொண்டை. வீட்டிலும் இதே சத்தம்தான் என்று அவர்கள் மனைவிமார் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அத்தனை பேர் தொண்டையையும் சேர்த்து வைத்தது போல ஒரு தொண்டை ஒச்சப்பனுக்கு. முதல் லைனின் ஆபரேட்டர். பலூனைத் தூக்கி நிறுத்தும்போது அவர் அதோடு பேசுவார், திட்டுவார், கொஞ்சுவார். மேலே நின்றவன் மாயழகு. முப்பது வயது, போன சித்திரையில்தான் மகள் பிறந்திருந்தாள்.

ஃபிலிம் வாங்கும் பால் பண்ணையிலிருந்து ஒரு புகார் வந்தது. பாக்கெட்டில் அச்சு சரியாக ஒட்டவில்லை, குறுக்கே மெல்லிய வரி வரியாகத் தெரிகிறது என்றார்கள். ஜெசிந்தா புதிதாக வாங்கிய லேசர் அளவியைக் கொஞ்சம் மாற்றியமைத்து, தடிமனை முன்னெப்போதும் இல்லாத நுணுக்கத்தில் அளந்தாள். திரையில் ஏற்ற இறக்கமாக ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பாடகர் குழுவின் பாட்டைப் பதிவு செய்வது அவள்தான். குரல் திரையில் இப்படித்தான் ஓடும்.

விளையாட்டாகத்தான் அந்தக் கோட்டை ஒலியாக மாற்றிப் பார்த்தாள். கரகரவென்று இரைந்த சத்தத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏத்து, ஏத்து, பைய ஏத்து. பொண்ணு பாக்க வந்தவென் மாதிரி எதுக்குடா கூச்சப்படுற? நிமிந்து நில்லு ராசா."

ஒச்சப்பனேதான். ஜெசிந்தாவுக்கு உடம்பு புல்லரித்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மத்தியானம் இருந்ததில்லை.

முதலாளி சுந்தரவடிவேல் முதலில் நம்பவில்லை. "சுவத்துக்குக் காது இருக்குன்னு சொல்லுவாங்க. கவருக்குமா?"

"பலூன் ஒரு பறை மாதிரி சார். பக்கத்துல யார் பேசினாலும் அதிரும். பனிக்கோட்டுக்குக் கீழ அது குழம்பு, அதிர்ந்தாலும் தடம் நிக்காது. மேல அது கெட்டி, அதுலயும் பதியாது. சரியா அந்தக் கோட்டுல உறையுது பாருங்க, அந்த நேரத்து அதிர்வு அப்படியே தடிமன்ல நின்னுடுது."

"அப்போ இத்தன வருசமா நம்ம பசங்க பேசுனதெல்லாம்?"

"வீடு வீடாப் போயிருக்கு சார்."

அவர் வாயைப் பிளந்தார். இன்னொன்று போட்டுக்காட்டச் சொன்னார். ஜெசிந்தா தன்னிடம் இருந்ததிலேயே தெளிவானதை எடுத்தாள். அவர் சிரிப்பார் என்று நினைத்துத்தான் எடுத்தாள். அதில் ஒச்சப்பன், முதலாளியைப் போலவே மூக்கால் பேசிக்கொண்டிருந்தார். "புரியுதா? புரியலையா? புரியணும்." சுற்றிலும் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். சுந்தரவடிவேலும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தீபாவளிக்கு முந்தின வாரத்து ரோல் ஏதாச்சும் கிடங்குல கெடக்கா?" என்று கேட்டார்.

கிடந்தது. அவள் கொடுத்தாள்.

கொடுப்பதற்கு முன் கேட்டுப்பார்த்திருந்தாள் என்பதுதான் விஷயம். தொழிற்சங்கம் ஆரம்பிப்பதைப் பற்றி நான்கு பேர் அதில் பேசினார்கள். யார் முன்னால் நிற்பது, யாரை இழுப்பது என்பதெல்லாம் இருந்தது. இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டபோதே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் காப்புரிமையில் அவள் பெயரையே போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். தனியாக ஓர் ஆய்வுக்கூடம் வரும் என்றார்கள். நாம் அளந்துதானே சொல்கிறோம், அதை வைத்து அவர்கள் செய்வதற்கு நாம் என்ன பண்ண முடியும் என்று அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். யாரும் அவளை மிரட்டவில்லை. அவர் கேட்டார், அவள் கொடுத்தாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இருபது வருடம் பலூன் நிறுத்திய ஒச்சப்பனை, கழிவு ஃபிலிமை அரைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அரவை இயந்திரத்தின் சத்தத்தில் அங்கே பேசவும் முடியாது, பேசினால் கேட்கவும் முடியாது. முதலாளி அத்தோடு விட்டிருந்தால் ஆட்களுக்குக் காரணம் புரிந்திருக்காது. அவருக்கு நாக்கு அரித்தது. எல்லாரையும் கூட்டி வைத்து, ஒச்சப்பன் தன்னைப் போல் நடித்ததை ஒச்சப்பனைப் போலவே நடித்துக் காட்டினார். "புரியுதா? புரியலையா? புரியணும்." ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். ஜெசிந்தா குனிந்து ஏதோ தேடுவது போல பாவனை செய்தாள்.

அன்றிலிருந்து ஆலையில் பேச்சு நின்றது. "பலூனு கேக்குதுடா" என்பதுதான் கடைசியாகப் பேசிய பேச்சாக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில்கூடக் கையால் ஜாடை காட்டினார்கள். முதல் சில நாள் இந்த அமைதியை ஜெசிந்தா மெச்சினாள். அச்சு நன்றாக ஒட்டியது, வரிகள் மறைந்தன, பால் பண்ணைக்காரர்கள் பாராட்டினார்கள். "கை?" என்ற கூப்பாடும் போய்விட்டதை அவள் கவனித்தாள். அதற்குப் பதிலாக இரும்புத் தூணை ஸ்பேனரால் தட்டினார்கள். கீழிருந்து இரண்டு தட்டு. கை இல்லை என்றால் மேலிருந்து ஒரு தட்டு. கை இருந்தால் சும்மா இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் முதல் லைனில் சுருக்கம் விழுந்தது. ஒச்சப்பன் இடத்தில் இப்போது வீரணன் நின்றான். ரோலரைத் திறந்தான். கொஞ்ச நேரம் பொறுத்து, இரண்டு முறை தட்டினான். ஒரு தட்டு கேட்டது. மூடினான்.

மாயழகின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே ரோலருக்குள் போயிருந்தது.

*

"அவனேதான் தட்டியிருக்கான். வீரணன் காதால கேட்டிருக்கான்" என்றார் சுந்தரவடிவேல். "கைய உள்ள வச்சுக்கிட்டே சிக்னல் குடுத்தா யார் என்ன செய்ய முடியும்? அவன் கவனக்குறைவுதான். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாங்க. நான் சொல்லிக்கிறேன்."

வீரணன் பொய் சொல்லவில்லை. அவன் கேட்டது நிஜம். அதனால்தான் அவன் முகத்தை யாராலும் பார்க்க முடியவில்லை.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள். அவளைப் பார்த்ததும் மாயழகு எழுந்து உட்காரப் பார்த்தான். போர்வைக்கு வெளியே இருந்த இடது கையால் கும்பிடுவது போல ஏதோ செய்தான்.

"மேடம், தப்பா நெனைக்காதீக. நான் பேசல."

அவளுக்குப் புரியவில்லை. "என்னது மாயழகு?"

"அன்னைக்கு மேல நிக்கிறப்ப. வீரணண்ணே தட்டவும், பழக்கதோசத்துல வாயில வந்துருச்சு. 'கை இருக்குண்ணே, இருண்ணே'ன்னு. சத்தமாச் சொல்லல மேடம். மெல்லமாத்தான், ரகசியமாத்தான் சொன்னேன். வரி விழுந்திருக்காது."

கை போனவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான், ஃபிலிமைக் கெடுத்திருப்பேனோ என்று. ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. அழுதால் அவன் தேற்றுவான், அதற்கும் தனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. "நீங்க தட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"கை உள்ள இருக்கையில எப்பிடி மேடம் தட்டுவேன்?" என்றான் அவன். "ஆனா யாரு நம்புவாக? நாந்தேன் தட்டுனேன்னு எல்லாரும் சொல்றாக. எனக்கே இப்ப சந்தேகமா வருது."

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு அது உறைத்தது. ரோலர் திறந்திருந்தது. திறந்த ரோலர் வழியாகப் பேசினால், குழாயில் வாயை வைத்துப் பேசுவது போல, சத்தம் பலூனுக்குள்ளேயே இறங்கும். கீழே வீரணனுக்குக் கேட்காமல் போயிருக்கலாம். பலூனுக்குக் கேட்டிருக்கும்.

அந்த ரோல் கிடங்கில் இல்லை. பழுதான ஃபிலிம் எல்லாம் அரவைக்குப் போகும், அரைத்து மறுபடி குருணையாக்கி, புது மணிகளோடு கலந்து ஊற்றுவார்கள். எதையும் வீணாக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மூன்று நாள் ஆகிவிட்டது. இந்நேரம் பாதி ஊர் பால் வாங்கிக் குடித்திருக்கும் என்று நினைத்தபடியே அரவை அறைக்கு ஓடினாள்.

ஒச்சப்பன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அவளைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். அவள் காதருகே போய்க் கத்த வேண்டியிருந்தது. "அண்ணே, புதன்கிழமை ரோலு. அரைச்சிட்டீங்களா?"

அவர் விசையை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் அவர் குரல் ரொம்பச் சின்னதாகக் கேட்டது. அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரலை அவள் கேட்டதே இல்லை.

"அரைக்கச் சொல்லித்தான் முதலாளி ஆள் விட்டாரு."

"அரைச்சிட்டீங்களா?"

"அந்தப் பய ரத்தம் பட்டிருக்கு தாயி. அதை அரைச்சு ஊத்திப் பிள்ளைகளுக்குப் பால் கவர் போடச் சொல்றீகளா?" மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்ததைக் காட்டினார். "மலைமேல கொண்டுபோய்ப் புதைக்கலாம்னு வச்சிருந்தேன்."

அவள் சாக்கை விலக்கக் குனிந்தபோது, அவர் கேட்டார். "எதுக்கு? இன்னும் யார் பேசுனதையாச்சும் கேக்கணுமா?"

அவள் சாக்கை விலக்கி ரோலை வெளியே இழுத்தாள்.

*

விசாரணை முதலாளியின் அறையில் நடந்தது. ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வீரணன் தான் கேட்டதைச் சொன்னான். முதலாளி, "வருத்தமான விஷயம்தான், ஆனா அவரோட தப்பு" என்று முடித்தார். ஒச்சப்பன் சுவரோரம் நின்றார்.

"நான் ஒண்ணு போட்டுக் காட்டணும் மேடம்" என்றாள் ஜெசிந்தா. முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் ஆய்வுக்கூடமும் காப்புரிமையும் அணைந்ததை அவள் கண்டாள். போட்டாள்.

இரைச்சல். பிறகு மிக அருகில், டங், டங். வீரணன் தட்டியது. அதன் பிறகு, மூச்சுவிடுவது போல ஒரு குரல்.

"கை இருக்குண்ணே. இருண்ணே. கை இருக்கு."

குரலுக்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில், ஒரு டங். பக்கத்து லைனில் யாரோ யாருக்கோ தட்டியது. அதற்கடுத்த சத்தம் வருவதற்குள் ஜெசிந்தா நிறுத்திவிட்டாள்.

ஆய்வாளர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். "சொல்லியிருக்காரு" என்றார். "ரெண்டு தடவ சொல்லியிருக்காரு. ஆனா ஏன் இப்படி? பக்கத்துல யாரோ தூங்குற மாதிரில்ல சொல்றாரு. ஏன் கத்தல?"

வீரணன் தரையைப் பார்த்தான், ஒச்சப்பன் ஜன்னலைப் பார்த்தார். அவர்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லையா, இல்லை பேசுவதே மறந்துபோய்விட்டதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"என்னாலதான் மேடம்" என்றாள் ஜெசிந்தா. "இவங்க பேசுறது பதியுதுன்னு கண்டுபிடிச்சது நான். அதை எடுத்துக் குடுத்தது நான். அதனால ரெண்டு பேருக்கு வேலை போச்சு, ஒருத்தருக்கு இடம் மாறிச்சு. அப்புறம் யாரும் பேசல. அவரு கத்துறதுக்குப் பயந்துட்டாரு."

"இதை நான் பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேட்டு, ஆய்வாளர் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பண்ணிக்குங்க."

*

மாயழகு மேல் தப்பில்லை என்று அறிக்கை வந்தது. அனுப்பப்பட்ட இருவரும் திரும்பினார்கள். ஒச்சப்பன் பலூனுக்குத் திரும்பினார். வீரணன் இனி எந்த விசையையும் தொட மாட்டேன் என்று கிடங்குக்குப் போய்விட்டான். லேசர் அளவியை ஜெசிந்தாவே கழற்றி, பழைய முரட்டு அளவியை மாட்டினாள். வேலையைவிட்டுப் போயிருக்கலாம். போய்விட்டால் தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டாம். அந்தச் சலுகையைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் பேச்சு மட்டும் திரும்பவில்லை. அளவி போய்விட்டது என்று அவளே நின்று சொல்லிப்பார்த்தாள். தலையாட்டினார்கள். தட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள், அந்தச் சத்தம் கேட்டாலே எல்லாருக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. சுருக்கம் விழுந்தால் லைனையே நிறுத்தினார்கள்.

பங்குனியில் மாயழகு வேலைக்கு வந்தான். கீழே, ரோல்களுக்கு உறை சுற்றும் வேலை. வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு போட்டிருந்தான். அவன் வந்த மறுநாளே முதல் லைனில் சுருக்கம் விழுந்தது. லைனை நிறுத்த ஒச்சப்பனின் கை போனது. என்ன நினைத்தாரோ, நிறுத்தாமல் ரோலரைத் திறந்தார். தலையை அண்ணாந்து கத்தினார்.

"கை?"

மாதக்கணக்கில் அந்த ஆலை கேட்காத சத்தம். எல்லாரும் அப்படியே நின்றார்கள். மேலே நின்ற புது ஆள் வேலையை முடித்துவிட்டிருந்தான். கம்பியோரம் வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தை அவனுக்குத் தெரியும். கீழே மாயழகு நிற்கும்போது அதை எப்படிச் சொல்வான்?

"கை?" என்றார் ஒச்சப்பன் மறுபடி. கையைப் பார்த்துவிட்டு மூட அவர் தயாராக இல்லை. காதால் கேட்க வேண்டும். பலூன் காற்றுப்போய்த் தளர்ந்து ஆட ஆரம்பித்தது. கண்ணாடி அறையிலிருந்து ஜெசிந்தா வெளியே வந்துவிட்டாள்.

மாயழகு கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தான். காற்றாடிகளுக்கெல்லாம் மேலே, ஒச்சப்பனுக்கே சமமான ஒரு தொண்டையில் கத்தினான்.

"கை இல்ல!"

பிறகு மடித்த சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். "எனக்குத்தேன் இல்லண்ணே. அவனுக்கு இருக்கா இல்லையான்னு அவனையே சொல்லச் சொல்லு."

எங்கேயோ ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார்கள். மேலிருந்தவன் "கை இல்லண்ணே, கை இல்ல" என்று கத்த, ஒச்சப்பன் விசையை அழுத்தினார். "நிமிந்து நில்லு ராசா, நிமிந்து நில்லு" என்று பலூனைக் கொஞ்சவும் ஆரம்பித்துவிட்டார்.

மாயழகு ஜெசிந்தாவிடம் வந்தான்.

"அந்த மிசினு இப்ப இல்லைல்ல மேடம்?"

"இல்ல மாயழகு. கழட்டிட்டேன்."

"ஆனா பதிஞ்சிருக்கும்ல?"

"பதிஞ்சிருக்கும்."

"நல்லாக் கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்."

அவன் திருப்தியாகத் தலையாட்டினான். "அன்னைக்கே இப்பிடிக் கத்தியிருக்கணும்" என்றான் சிரித்துக்கொண்டே. அவளைக் குறையாகச் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டான்.

மறுவாரம் ஒரு காலையில் அவள் அம்மா காப்பிக்கு நேரமாகிறது என்று அடுப்படியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். ஜெசிந்தா ஒரு கையில் பால் பாக்கெட்டும் ஒரு கையில் கத்தரிக்கோலுமாக நின்றாள். எங்கே வெட்டினால் யார் குரலும் அறுபடாது என்று அவளுக்குத் தெரியவில்லை.